தாழிக்குள் இருந்த மண்

(நூலக வாசகர் வட்டத்தின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



தொல்லியல் எப்படித் தொடங்கி எப்படி மாறி வந்திருக்கிறது என்று பேச அழைத்திருக்கிறீர்கள். எகிப்து, கிரேக்கம், மெசபடோமியா என்று ஊர் சுற்றக் கிளம்பினால் இந்த ஒரு மாலை போதாது. அதனால் நம் ஊர் ஒன்றையே கையில் எடுத்துக்கொள்கிறேன். வேறு ஊர்களுக்கும் போவோம். ஆனால் சுற்றிச் சுற்றி இங்கேதான் வந்து நிற்போம்.

திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூர் போகும் சாலையில் ஏறக்குறைய 24 கிலோமீட்டரில் ஆதிச்சநல்லூர் இருக்கிறது. தாமிரபரணியின் தென்கரை. ஒரு பக்கம் வயலும் வாழையும் பச்சைப்பசேல் என்று கிடக்க, மறுபக்கம் 114 ஏக்கரில் சரளைக்கல்லும் முள்ளுமாக ஒரு பரம்பு. பேருந்தில் போகிறவர் பலர் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. அந்தப் பரம்புக்குள் முதுமக்கள் தாழிகள் அடுக்கடுக்காகப் புதைந்திருக்கின்றன. விளைநிலத்தை விட்டுவிட்டு, எதுவும் விளையாத மேட்டை இறந்தவர்களுக்கு ஒதுக்கியிருக்கிறார்கள் நம் முன்னோர்.

இந்த ஒரு பரம்பை ஏறக்குறைய 150 ஆண்டுகளில் வெவ்வேறு கைகள் தோண்டியிருக்கின்றன. எந்தக் கை எதை எடுத்தது, எதை வேண்டாம் என்று அள்ளிக் கொட்டியது என்று வரிசையாகப் பார்த்தால், தொல்லியல் மாறிய கதை முழுக்க அதில் அடங்கிவிடுகிறது.

முதல் கை 1876-இல் வந்தது. பெர்லினிலிருந்து வந்த ஜாகோர் என்ற ஜெர்மானியர். அவர் தோண்டினார்; விதவிதமான பானைகள், இரும்பு ஆயுதங்கள், எலும்புகள், மண்டையோடுகள் கிடைத்தன; பெர்லின் அருங்காட்சியகத்துக்கு அனுப்பிவைத்தார். அவரை மட்டும் குற்றம் சொல்லிப் பயனில்லை. அந்தக் காலத்தில் தொல்பொருள் ஆராய்ச்சி என்றால் சேகரிப்பு என்றுதான் பொருள். அழகானது, அரிதானது, முழுசானது கிடைத்தால் எடு, மற்றதைத் தள்ளு.

இந்தச் சேகரிப்புப் பழக்கம் என்ன செய்யும் என்பதற்கு அமராவதியைவிடப் பெரிய சாட்சி வேண்டாம். கிருஷ்ணா நதிக்கரையில் இருந்த அந்த மாபெரும் பௌத்தத் தூபியைக் காலின் மெக்கன்சி 1797-இல் முதலில் பார்த்தார். அதற்குள்ளாகவே உள்ளூர் ஜமீன்தாரின் கட்டட வேலைக்காக மேட்டிலிருந்து செங்கல்லும் கல்லும் போய்க்கொண்டிருந்தன. சிற்பப் பலகைகள் சில சுண்ணாம்புக் காளவாயில் வெந்தன. 1845-இல் வால்டர் எலியட் தோண்டிச் சிற்பங்களைச் சென்னைக்குக் கொண்டுவந்தார். அவை ஆண்டுக்கணக்கில் வெயிலிலும் மழையிலும் கிடந்து, பிறகு கப்பலேறி லண்டன் போயின. இன்று அவற்றைப் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்திலும் நம் எழும்பூர் அருங்காட்சியகத்திலும் பார்க்கலாம். ஆனால் எந்தப் பலகை எந்த இடத்தில் நின்றது, எதற்குப் பக்கத்தில் எது இருந்தது என்று எல்லாவற்றுக்கும் யாராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. கல் தப்பித்தது, இடம் அழிந்தது. தூபி எப்படி இருந்திருக்கும் என்பதைச் சிற்பங்களிலேயே செதுக்கப்பட்டிருக்கும் தூபி உருவங்களை வைத்துத்தான் அறிஞர்கள் ஊகித்துக்கொண்டிருக்கிறார்கள்.

ஆதிச்சநல்லூருக்கு இரண்டாவதாக வந்த கை அலெக்சாண்டர் ரீயினுடையது. தென்வட்டத் தொல்லியல் துறைக் கண்காணிப்பாளர். 1899-இலிருந்து சில பருவங்கள் அங்கே தோண்டினார். பொன்னால் செய்த நெற்றிப்பட்டங்கள், மூடியின் உச்சியில் விலங்கும் பறவையும் நிற்கும் வெண்கலக் கலங்கள், இரும்பு வாள்கள், வேல்முனைகள் என்று ஆயிரக்கணக்கில் கிடைத்தன. 1915-இல் அவருடைய பட்டியல் நூல் அரசு அச்சகத்திலிருந்து வெளியானது. ரீ ஜாகோரைப் போன்றவர் இல்லை, எழுதி வைத்தவர். சில தாழிகளுக்குள் நெல்லின் உமியும் தானியமும் இருந்ததைக்கூட அவர் குறித்திருக்கிறார். இன்று நமக்குப் பொன் நெற்றிப்பட்டத்தைவிட அந்த உமிக்குறிப்புதான் விலை உயர்ந்தது என்று சொன்னால் மிகையாகாது.

ஆனால் அவருடைய நூலைப் புரட்டினால் பொன், வெண்கலம், இரும்பு, மண் என்று பொருள்வாரியாகப் பிரித்துத்தான் பட்டியலிட்டிருப்பது தெரியும். ஒரு தாழிக்குள் யாருடைய எலும்போடு எந்த வாள் இருந்தது, அதற்கு மேலே எந்தக் கிண்ணம் கவிழ்ந்திருந்தது, அந்தத் தாழி பக்கத்துத் தாழிக்கு மேலே இருந்ததா கீழே இருந்ததா என்று கேட்டால் பல பொருள்களுக்குப் பதில் இல்லை. ஒரு குடும்பப் புகைப்படத்தைக் கத்தரித்து, மூக்குகளை ஒரு பெட்டியிலும் கண்களை ஒரு பெட்டியிலும் போட்டு வைத்தது மாதிரி.

ஒரு செய்தியை இங்கே நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். தாழிக்குள் மண் நிறைந்திருக்கும். தாழியின் வாய் உடைந்தோ மூடி சரிந்தோ உள்ளே இறங்கிய மண். ரீ காலத்து வேலையாளுக்கு அது பொருளை மறைத்துக்கொண்டிருக்கும் வெறும் மண். தோண்டி எடுத்துப் பக்கத்தில் கொட்டிவிடுவார்கள். அந்த மண்ணுக்குத் திரும்பி வருவோம்.

மண்ணைப் பார்க்கக் கற்றுக்கொடுத்தவர்கள் தொல்லியலாளர்கள் இல்லை, நிலவியலாளர்கள். இதை நாம் அடிக்கடி மறந்துவிடுகிறோம். ராபர்ட் புரூஸ் ஃபூட் இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் வேலை பார்த்தவர். 1863-ஆம் ஆண்டு மே 30-ஆம் நாள் சென்னைக்குப் பக்கத்தில் பல்லாவரத்தில், சரளை வெட்டிய குழியில் ஒரு கல்லைப் பொறுக்கினார். மனிதக் கையால் செதுக்கப்பட்ட கைக்கோடரி. அதே ஆண்டு செப்டம்பரில் கொற்றலை ஆற்றுப் பகுதியில் அத்திரம்பாக்கத்தில் அவரும் வில்லியம் கிங்கும் மேலும் பல கற்கருவிகளைக் கண்டார்கள். பொன் இல்லை, எழுத்து இல்லை, சிலை இல்லை. ஊரார் யாரும் குனிந்து எடுக்காத கல். ஃபூட் அதை எடுத்ததற்குக் காரணம், அது எந்தப் படிவத்துக்குள் கிடந்தது என்பதை அவர் பார்த்தார். கீழே இருப்பது முன்னால் படிந்தது, மேலே இருப்பது பின்னால் படிந்தது. நிலவியல் மாணவன் முதல் வாரத்தில் படிக்கும் பாடம் இது. இந்தப் பாடம் அகழாய்வுக் குழிக்குள் முறையாக இறங்க நம் நாட்டில் இன்னும் 80 ஆண்டுகள் ஆயின.

சிந்துவெளியைக் கண்டுபிடித்த காலத்தில்கூட அது இறங்கவில்லை. தயாராம் சாஹ்னி ஹரப்பாவிலும் ராக்கால்தாஸ் பானர்ஜி மொகஞ்சதாரோவிலும் கண்டதை வைத்து ஜான் மார்ஷல் 1924-இல் உலகத்துக்கு அறிவித்தாரே, அந்த மாபெரும் வேலையில் பொருள் கிடைத்த ஆழத்தை அளந்து எழுதினார்கள். ஆறடி ஆழம், பத்தடி ஆழம் என்று. மண் அப்படி மட்டமாகப் படிவதில்லையே! ஒரு வீட்டுத் தரை சரிந்திருக்கும். ஒருவர் குப்பைக்குழி வெட்டியிருப்பார். இன்னொருவர் பழைய சுவரைத் தோண்டிச் செங்கல் எடுத்திருப்பார். ஒரே ஆழத்தில் பாட்டன் காலத்துப் பானையும் பேரன் காலத்துப் பானையும் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கும்.

இதை மாற்றியவர் மார்ட்டிமர் வீலர். 1944-இல் தொல்லியல் துறைத் தலைமை இயக்குநராக வந்தார். சென்னை அருங்காட்சியகத்தின் அலமாரி ஒன்றில் இரண்டு கைப்பிடி வைத்த ரோமானிய மதுச்சாடியின் உடைந்த துண்டைப் பார்த்தார். எங்கே கிடைத்தது என்று கேட்டார். புதுச்சேரிக்குத் தெற்கே அரிக்கமேடு என்றார்கள். புதுச்சேரிக்கு ஓடினார். அங்கே நூலகத்தில் வைத்திருந்த துண்டுகளில் இத்தாலியின் அரெஸ்ஸோ நகரத்துச் சிவப்பு மட்கலத்தை அடையாளம் கண்டார். அந்தக் கலம் கி.பி. முதல் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பிறகு வழக்கொழிந்தது என்று ஐரோப்பாவில் தெரிந்திருந்தது. அது எந்த மண்ணடுக்கில் கிடைக்கிறதோ அந்த அடுக்குக்குக் காலம் சொல்லிவிடலாம். அதோடு சேர்ந்து கிடக்கும் நம் ஊர்ப் பானையோட்டுக்கும் காலம் சொல்லிவிடலாம். காலக் கடிகாரமே இல்லாத தென்னிந்தியத் தொல்லியலுக்கு ஓர் உடைந்த தட்டு கடிகாரமாக வந்து சேர்ந்தது.

1945-இல் அவர் அரிக்கமேட்டில் வெட்டிய குழிகள் சதுரம் சதுரமானவை. இரண்டு குழிக்கு நடுவே வயலில் வரப்பு விடுவதுபோல் மண்ணை வெட்டாமல் விட்டுவிடுவார்கள். அந்த வரப்பின் பக்கச் சுவரைச் செங்குத்தாகச் சீவிவிட்டால் மண்ணடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்றாகத் தெரியும். அடுக்குக்கு அடுக்கு எண் எழுதிய சீட்டு குத்துவார்கள். அதை அப்படியே வரைவார்கள். பானையோட்டின் மேல் அந்த எண்ணையே மையால் எழுதுவார்கள். இன்றைக்கும் நம் அகழாய்வுக் குழிகளை மேலிருந்து எடுத்த படங்களில் நீங்கள் பார்க்கும் கட்டம் போட்ட தோற்றம் அந்த மரபின் வழி வந்ததுதான்.

மண்ணின் நிறம் மாறுவதைக் கண்ணால் பார்ப்பது என்றால் என்ன என்று நான் கற்றுக்கொண்ட நாளைச் சொல்கிறேன். கல்லூரி மாணவனாக ஓர் ஆற்றங்கரை மேட்டில் அகழாய்வுக்குப் போயிருந்தேன். இரண்டடி ஆழம் வந்திருந்தது. நான் கொத்துக்கரண்டியால் சுரண்டிச் சுரண்டிப் பாண்டில் அள்ளிக்கொண்டிருந்தேன். எங்கள் குழியில் வேலை பார்த்த பெரியவர் ஒருவர், பிழைப்புக்குக் கிணறு வெட்டுகிறவர், சட்டென்று என் கையைப் பிடித்தார்.

“தம்பி, நில்லுங்க. இது வேற மண்ணு.”

எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அவர் ஒரு சொம்புத் தண்ணீரைக் கையில் எடுத்து லேசாகத் தெளித்தார். பழுப்பு மண்ணின் நடுவே, ஒரு சாண் அகலத்தில், வட்டமாக ஒரு கறுப்பு எழுந்து வந்தது. விரலால் அழுத்தச் சொன்னார். சுற்றிலும் மண் கெட்டி. வட்டத்துக்குள் பொதபொதவென்று இருந்தது.

“கம்பு நட்ட குழி இது. மரம் மக்கிப்போச்சு, மண்ணு மட்டும் நிக்குது. எங்க வீட்டுப் பந்தக்காலைப் பிடுங்கினாலும் இப்படித்தான் இருக்கும்.”

அதன் பிறகு தண்ணீர் தெளித்துத் தெளித்துத் தேடினோம். அன்று மாலைக்குள் வளைவாக ஐந்து கம்புக்குழிகள் தெரிந்தன. ஒரு குடிசையின் சுவர்வளைவு. ஆறாவது குழி இருக்க வேண்டிய இடத்தில் நான் ஏற்கெனவே வெட்டி அள்ளிவிட்டேன். எங்கள் வரைபடத்தில் அந்த இடம் புள்ளிக்கோட்டால் வரைந்த வட்டமாகத்தான் நிற்கிறது. அது இருந்ததா என்று இனி ஒருநாளும் யாருக்கும் தெரியாது. ஒரு புத்தகத்தைப் படிக்கப் படிக்கப் பக்கத்தைக் கிழித்துப் போடுகிற வேலை அகழாய்வு என்று அந்த நாளில்தான் எனக்கு உறைத்தது. இரண்டாவது முறை அந்தப் பக்கத்தைத் திருப்ப முடியாது.

வீலரிடம் திரும்புவோம். அவருடைய கை சுத்தமான கை. 1945-இல் தோண்டினார், 1946-இல் அறிக்கை அச்சாகிவிட்டது. இந்த வேகத்தைப் பிற்காலத்தில் நம்மில் எத்தனை பேர் எட்டினோம் என்று நெஞ்சில் கை வைத்துச் சொல்ல வேண்டும். ஆனாலும் அவர் தேடிப் போனது ரோமை. அறிக்கையின் தலைப்பிலேயே அரிக்கமேட்டை இந்திய-ரோமானிய வணிகத் தளம் என்றுதான் பெயரிட்டார். ரோமானியர் வந்ததால் எழுந்த ஊர் என்பது அவர் முடிவு. உள்பக்கம் சிறு சிறு பல்வரிசைக் கோடுகள் ஓடும் மெல்லிய தட்டுகள் அங்கே ஏராளமாகக் கிடைத்தன. இவ்வளவு நேர்த்தியான கலம் மத்தியதரைக் கடல் பக்கத்திலிருந்துதான் வந்திருக்கும் என்று கருதினார்.

1989 முதல் 1992 வரை விமலா பெக்லி அதே மேட்டில் மறுபடி தோண்டினார். ரோமானியக் கலம் வருவதற்கு நூறாண்டுக்கும் முன்பே அங்கே ஊர் இருந்தது, வணிகம் இருந்தது என்று காட்டினார். பல்வரிசைக் கோட்டுத் தட்டும் இந்திய மண்ணில் செய்ததே என்று களிமண்ணை ஆராய்ந்தவர்கள் சொல்லிவிட்டார்கள். ஒரே மேடு, ஒரே மாதிரியான ஓடுகள். கேள்வி மாறியதும் பதில் மாறியது. கருவி எவ்வளவு கூர்மையாக இருந்தாலும், தோண்டுகிறவர் எதைத் தேடி வந்தாரோ அதுதான் முதலில் கண்ணில் படும். இன்று நாம் நம் பெருமையைத் தேடிக் குழிக்குள் இறங்கும்போதும் இந்த எச்சரிக்கை நமக்கும் பொருந்தும். கசப்பாக இருந்தாலும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

இனி காலக்கணிப்புக்கு வருகிறேன். தொல்லியலை இரண்டாகப் பிரிக்கச் சொன்னால் 1949-க்கு முன், 1949-க்குப் பின் என்று பிரிப்பேன். அந்த ஆண்டில் சிகாகோவில் வில்லர்டு லிபியும் அவருடைய குழுவினரும் கதிரியக்கக் கரிமக் கணிப்பை வெளியிட்டார்கள். 1960-இல் லிபிக்கு நோபல் பரிசு கிடைத்தது. செய்தி எளிமையானதுதான். மரமும் நெல்லும் மாடும் மனிதரும் உயிரோடு இருக்கும்வரை காற்றிலிருந்தும் உணவிலிருந்தும் கதிரியக்கமுள்ள ஒரு வகைக் கரிமத்தை உள்ளே எடுத்துக்கொண்டே இருக்கின்றன. உயிர் போனதும் வரவு நின்றுவிடும், செலவு நிற்காது. 5,730 ஆண்டுகளில் பாதியாகக் குறையும். மிச்சம் எவ்வளவு என்று எண்ணினால் வரவு நின்ற நாள் தெரியும். முதலில் இதற்குக் கைநிறையக் கரி வேண்டியிருந்தது. கரிம அணுக்களை நேரடியாக எண்ணும் முடுக்கி முறை வந்த பிறகு ஒரு நெல்மணி போதும்.

ஒரு நெல்மணி என்று சும்மா சொல்லவில்லை. பழனிக்குப் பக்கத்தில் பொருந்தலில் பேராசிரியர் கா. ராஜன் குழுவினர் ஓர் ஈமச்சின்னத்தைத் திறந்தார்கள். உள்ளே நாலு கால் வைத்த ஒரு சாடி. அதற்குள் ஏறக்குறைய இரண்டு கிலோ நெல். அதே ஈமச்சின்னத்தில், பழந்தமிழ் எழுத்தான தமிழி பொறித்த பானைத்தாங்கி ஒன்றும் கிடைத்தது. நெல்லை முடுக்கி முறையில் கணித்தபோது கி.மு. 490 என்று வந்தது. நெல்லின் காலம் எழுத்துக்கும் காலம் சொன்னது. தமிழி எழுத்து அசோகருக்குப் பிந்தியது என்ற பழைய கருத்தை ஒரு சாடி நெல் கேள்விக்கு உள்ளாக்கியது. பிறகு கீழடியில் 353 சென்டிமீட்டர் ஆழத்தில் எடுத்த கரித்துண்டு கி.மு. 580 என்று காட்டியதை 2019-இல் தமிழக அரசு வெளியிட்ட அறிக்கை சொல்லியது, உங்களில் பலருக்கு நினைவிருக்கும்.

இப்போது ரீ குறித்து வைத்த அந்த உமியை நினைத்துப் பாருங்கள். 1900-இல் அதனிடம் வயது கேட்க உலகத்தில் எங்கேயும் ஒரு கருவி இல்லை. இன்னும் அரை நூற்றாண்டு பொறுத்திருந்தால் அது வாய் திறந்து பேசியிருக்கும். ரீ தவறு செய்தார் என்று நான் சொல்லவில்லை. நாளை வரப்போகிற கேள்வி இன்று தோண்டுகிறவருக்குத் தெரியாது. 2004-இல் இந்தியத் தொல்லியல் துறையின் சத்தியமூர்த்தி குழுவினர் ஆதிச்சநல்லூரில் தோண்டியபோது இந்த உணர்வோடு தோண்டினார்கள். சுமார் 600 சதுர மீட்டர்தான். அதற்குள் 160-க்கும் மேற்பட்ட தாழிகள். ஒரு தாழிக்கு மேல் இன்னொரு தாழி என்று தலைமுறை தலைமுறையாக அடக்கம் செய்திருந்தது தெரிந்தது.

அந்த அகழாய்வு மாதிரிகளின் கரிமக் கணிப்பு வெளியே வர 2019 ஆயிற்று. உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் வழக்கு நடந்த பிறகுதான் கி.மு. 905, கி.மு. 696 என்ற இரண்டு ஆண்டுகள் நம் காதுக்கு எட்டின. முழு அறிக்கை அப்போதும் வரவில்லை. பதினைந்து ஆண்டுகள்! குழியை மூடிய பிறகு அங்கே என்ன இருந்தது என்பதற்கு அறிக்கை ஒன்றுதான் சாட்சி. அறிக்கை எழுதாவிட்டால் அகழாய்வுக்கும் புதையல் எடுப்பதற்கும் வேறுபாடு இல்லை. தோண்டியவர் ஓய்வு பெறுவார், குறிப்பேட்டைக் கரையான் அரிக்கும், ஓட்டின் மேல் எழுதிய எண் அழியும். கருவிகளில் நாம் கண்ட முன்னேற்றத்தை இந்த ஒரு பழக்கத்தில் காணவில்லை என்பது என் துயரம்.

கரிமத்துக்கு ஓர் எல்லை உண்டு. ஏறக்குறைய 50,000 ஆண்டுக்கு மேல் அது பேசாது. அத்திரம்பாக்கத்தில் ஃபூட் பொறுக்கிய கல்லின் வயதை அதனிடம் கேட்க முடியாது. அங்கே 1999 முதல் சாந்தி பப்பு குழுவினர் தோண்டினார்கள். 2011-இல் வெளியான கட்டுரையில் கீழ் அடுக்குக் கைக்கோடரிகளின் வயது சராசரியாக 15 லட்சம் ஆண்டுகள் என்றார்கள். 2018-இல் வந்த இன்னொரு கட்டுரையில், மேல் அடுக்கில் கருவி செய்யும் முறை மாறிய காலம் ஏறக்குறைய 3,85,000 ஆண்டுகளுக்கு முன் என்றார்கள். இந்த இரண்டாவது கணக்கு ஒளியை வைத்துச் செய்தது. மணல் துகள் வெயிலில் கிடக்கும்போது அதனுள் சேர்ந்திருக்கும் ஆற்றல் துடைக்கப்பட்டுவிடும். மண்ணுக்குள் புதைந்ததும் சுற்றியுள்ள கதிரியக்கத்தால் மறுபடி சேரத் தொடங்கும். எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று அளந்தால், அந்தத் துகள் கடைசியாகச் சூரியனைப் பார்த்தது எப்போது என்று தெரியும். அதனால் மாதிரி எடுக்கும்போது உலோகக் குழாயைக் குழியின் சுவருக்குள் அடித்து இறக்கி, வெளிச்சம் படாமல் இரண்டு முனையையும் கறுப்பு உறையால் மூடி எடுத்துப் போவார்கள். ஒரு நொடி வெயில் பட்டால் கணக்கு கெட்டுவிடும். பொன்னைப் பொதிந்து எடுத்துப்போன காலம் போய், மண்ணைப் பொதிந்து எடுத்துப்போகும் காலம் வந்துவிட்டது.

இந்த ஆண்டுக் கணக்குகளைச் செய்தித்தாளில் படிக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். ஆதிச்சநல்லூருக்குப் பக்கத்திலேயே இருக்கிற சிவகளையில் இரும்பு கிடைத்த தாழிகளிலிருந்து எடுத்த மாதிரிகளில் ஒன்று கி.மு. 3345 என்று காட்டியதாக 2025 ஜனவரியில் அறிவிப்பு வந்தது. எனக்கும் உடம்பு சிலிர்த்தது. ஆனால் கணித்தது இரும்பை இல்லை, அதோடு கிடந்த கரியை. முதிர்ந்த மரத்தின் நடுவைரத்தை எரித்த கரியாக இருந்தால், எரித்த காலத்தைவிட அது பழையதாகக் காட்டும். வேறிடத்துக் கரி மண்ணோடு வந்து விழுந்திருக்கவும் கூடும். அதனால்தான் ஒரே மாதிரியை நம்பாமல் பல மாதிரிகளை, பல ஆய்வகங்களில், கரிமக் கணிப்போடு ஒளிக்கணிப்பையும் சேர்த்துப் பார்க்கிறார்கள். உலக அறிஞர்கள் கேள்வி கேட்பார்கள், கேட்கத்தான் வேண்டும். கேள்வி கேட்பவரை நம் பகைவர் என்று நினைத்துவிடாதீர்கள். விடை நிற்க வேண்டுமானால் கேள்வியின் அடியை அது தாங்கியாக வேண்டும்.

எலும்பின் கதையும் இப்படித்தான். ஆதிச்சநல்லூர் மண்டையோடுகளை 1930-இல் சக்கர்மேன் அளந்து எழுதினார். அகலம் இவ்வளவு, நீளம் இவ்வளவு, ஆகவே இந்த இனம் என்று பெயர் சூட்டுவது அன்றைய வழக்கம். அந்த வழக்கத்தை அறிவியல் கைவிட்டுவிட்டது. இப்போது காதின் உள்ளெலும்பில் மரபணு தேடுகிறார்கள். நம் நாட்டு வெப்பத்தில் அது எளிதில் கிடைப்பதில்லை. ஹரியானாவின் ராக்கிகரியில் 61 மாதிரிகளைத் தேடி, அவற்றில் ஒரே ஒரு பெண்ணிடமிருந்துதான் பயன்படுகிற அளவுக்கு மரபணு கிடைத்தது, 2019-இல் வெளியிட்டார்கள். இதற்காகக் குழிக்குள் கையுறையும் முகமூடியும் போட்டு இறங்குகிறார்கள். தோண்டுகிறவரின் வியர்வை பட்டால் அவருடைய மரபணுவும் சேர்ந்துவிடும். நூறு ஆண்டுக்கு முன் எத்தனை கைகள் அந்த மண்டையோடுகளைத் தூக்கித் துடைத்துப் பெட்டியில் வைத்திருக்கும்!

வானிலிருந்து எடுக்கும் படங்கள், நிலத்தை ஊடுருவும் ரேடார், காந்தப்புலம் அளக்கும் கருவி என்று தோண்டாமலே பார்க்கும் வழிகளும் வந்துவிட்டன. கீழடியிலும் இவற்றைப் பயன்படுத்தினார்கள். அவற்றின் நுட்பத்தை விவரிக்க நான் ஆளில்லை. ஆனால் அவை சுட்டும் திசை எனக்குப் பிடித்திருக்கிறது.

அந்தத் தாழி மண்ணுக்கு இப்போது வருகிறேன். இன்று ஒரு தாழி கிடைத்தால் அதை உடைத்துக் கொட்டுவதில்லை. உள்ளே இருக்கும் மண்ணைச் சில சென்டிமீட்டர் கனத்துக்கு ஒரு தரம் எடுத்து, தனித்தனிப் பையில் போட்டு, எண் எழுதுகிறார்கள். சல்லடையில் சலிக்கிறார்கள். ஒரு பகுதியைத் தண்ணீரில் கரைக்கிறார்கள். மண் அடியில் தங்க, கருகிய விதைகள் மேலே மிதந்து வரும். கேழ்வரகா, தினையா, நெல்லா என்று கண்ணாடிக்கு அடியில் வைத்துப் பார்க்கிறார்கள். இன்னொரு பகுதியில் மகரந்தம் தேடுகிறார்கள். இன்னும் ஒரு பகுதியை எதுவும் செய்யாமல் பத்திரப்படுத்துகிறார்கள், நாளை வரும் கருவிக்காக. 120 ஆண்டுக்கு முன் கூடையில் அள்ளிக் குவியலில் கொட்டிய அதே மண்!

ஆதிச்சநல்லூரில் இப்போது தாழிகளை எடுத்துக்கொண்டு போகாமல், கிடந்த இடத்திலேயே விட்டு, மேலே கண்ணாடி பரப்பி மக்கள் குனிந்து பார்க்கும்படி 2023-இல் திறந்துவைத்தார்கள். போய்ப் பாருங்கள். பிள்ளைகளை அழைத்துப் போங்கள். ஜாகோர் கொண்டுபோனவை பெர்லினில் இருக்கின்றன. ரீ எடுத்தவற்றில் பல எழும்பூரில் இருக்கின்றன. கண்ணாடிக்குக் கீழே இருப்பவை மட்டும் வைத்தவர் வைத்த இடத்தில் இருக்கின்றன. அந்த 114 ஏக்கரில் பெரும்பகுதி இன்னும் யாரும் தொடாமல் கிடக்கிறது. அதைத் தொடாமல் விட்டிருப்பதையே நம் தலைமுறை செய்த நல்ல அகழாய்வு என்று நான் எண்ணுகிறேன்.

கடைசியாக உங்களிடம் ஒரு வேண்டுகோள். நம் ஊர்ப் பக்கங்களில் வீட்டுக்கு வானம் தோண்டும்போதும் தென்னங்கன்று நடக் குழி வெட்டும்போதும் பானையோடு வரும், சில சமயம் முழுத் தாழியே வரும். வந்தால் வெளியே இழுக்காதீர்கள். கழுவாதீர்கள், தேய்த்துக் கழுவினால் அதோடு பாதிச் செய்தி போய்விடுகிறது. உள்ளே இருக்கும் மண்ணைக் கொட்டாதீர்கள். மேலே ஒரு சாக்கைப் போட்டு மூடுங்கள். கிடந்தபடியே கைபேசியில் படம் எடுங்கள், பக்கத்தில் ஓர் அடிக்கோலை வைத்து. எந்த ஊர், எந்தச் சர்வே எண், எத்தனை அடி ஆழம் என்று ஒரு தாளில் எழுதுங்கள். கிராம நிர்வாக அலுவலரிடமோ வட்டாட்சியரிடமோ தொல்லியல் துறை அலுவலகத்திலோ சொல்லுங்கள். வருகிறவர்கள் வரும்வரை அந்தக் குழியை அப்படியே விட்டுவையுங்கள்.